ஞாயிறன்று சும்மா நின்ற வண்டி

அத்தியாயம் 14

அன்னக்கொடி செத்துப்போய் இரண்டு வாரம் ஆகிறது. அந்த இரண்டு வாரமும் ஜோசப்பின் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்பது முதலிலிருந்து கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜோசப்பின் கொடைக்கானலில் ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறவள். அவளோடு பதினான்கு வருஷம் ஒரே அடுப்படியில் நின்றவள் வில்பட்டி அன்னக்கொடி. ஒருத்தி சபைக்குப் போகிறவள், இன்னொருத்தி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஆனாலும் அக்கா தங்கச்சி என்றுதான் பழக்கம்.

ஜோசப்பினுடைய புருஷன் பரமானந்தம் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் குடியை விட்டு முழங்காலில் நின்ற அன்றைக்கு அவர் ஒரு பொருத்தனை பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுப்பதில்லை. முதலில் ஆண்டவர், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். சீசன் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் டிரைவர்களுக்கு அறுவடை. அதை வேண்டாம் என்று தள்ளிய மனுஷன் என்று நாயுடுபுரத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

மே மாதக் கடைசி ஞாயிறு. ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது பரமானந்தத்தின் ஃபோன் ஜோசப்பினுடைய பைக்குள் கிடந்து அடித்தது. அழைத்தது நாச்சிமுத்து, அன்னக்கொடியின் புருஷன். சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்ற வண்டி கேட்கிறார் என்று நினைத்து அவள் கட் பண்ணினாள். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் பண்ணினாள். மூன்றாவது தடவை ஃபோனையே அணைத்துப் பைக்குள் போட்டாள்.

அந்நேரம் அன்னக்கொடி கேரட் கழுவுகிற தொட்டியின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்த காய்கறி வண்டியில், டவுனுக்கு வருகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

"சார்ஜ் எறங்கி ஆஃப் ஆயிருச்சு தம்பி" என்று பிணத்தின் தலைமாட்டில் வைத்து நாச்சிமுத்துவிடம் சொன்னாள் ஜோசப்பின். வீட்டுக்கு வந்து புருஷனிடமும் அதையே சொன்னாள்.

இனி இன்றைய கதை.

இன்றைக்கும் ஞாயிறுதான். பதினாறாம் நாள் காரியம் கணக்குப்படி திங்கட்கிழமை வருகிறது. கன்னிவாடியிலிருந்து அன்னக்கொடியின் பிறந்த வீட்டார் வர வேண்டும், வேலை நாளில் வர மாட்டார்கள் என்று நாச்சிமுத்து ஒரு நாள் முந்தியே வைத்துவிட்டார்.

அதே நாளில் சபையின் ஆண்டு விழா. பரமானந்தம் சபைக்கு முன்னால் நின்று தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று போதகர் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே கேட்டிருந்தார். 'ஞாயிற்றுக்கிழமை ஓடாத வண்டி' என்று தலைப்பும் அவரே கொடுத்துவிட்டார்.

காலை ஏழு மணிக்கு ஜோசப்பின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூட்டம். தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

மகள் அனிட்டா யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். இருபத்து மூன்று வயசு. ஏரிக்கு மேலே ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு. அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து அப்பாவின் காலை ஜெபத்தில் அவள் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் முதலில் வருகிற பெயர்.

"அம்மா, இன்னைக்கு அன்னம் சித்தி காரியம். எத்தனை மணிக்குக் கெளம்புற?"

ஜோசப்பின் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆராதனை முடிச்சுட்டுப் போவோம்" என்றார் பரமானந்தம், கண்ணாடி முன்னால் நின்றபடி.

"இன்னைக்கு ஆண்டு விழா. முடியவே ரெண்டு மணி ஆயிரும்ப்பா. அங்க பந்தியெல்லாம் எடுத்துருப்பாங்க. எனக்கு லீவு தரல, இல்லாட்டி நானே போயிருப்பேன். பதினாலு வருஷம் கூட வேலை பாத்தவங்க. அம்மாவாச்சும் போக வேண்டாமா?"

"முதல்ல எதுன்னு..." என்று ஆரம்பித்தார் பரமானந்தம்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. இந்த இரண்டு வாரமாகவே அப்படித்தான். எத்தனையோ வருஷமாக மூச்சு விடுகிற மாதிரி அவர் வாயில் வந்த பேச்சு அது. இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. ஜோசப்பின் அதைக் கவனித்திருந்தாள். துக்கம் என்று நினைத்திருந்தாள்.

"நான் வாரேன்" என்று அனிட்டா படியிறங்கிப் போய்விட்டாள்.

"சட்டைய எடுங்க, சூடா இருக்கு" என்றாள் ஜோசப்பின்.

அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். பொத்தானை ஒரு துளை தவற விட்டுப் போட்டிருந்தார். அவள்தான் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள்.

சபையில் பாய் விரிக்க இடமில்லாத கூட்டம். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். பெருமாள்மலையிலிருந்துகூட வந்திருந்தார்கள். ஜோசப்பின் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். சத்தம் வரவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தச் சபைதான் அவளுக்குப் புருஷனைத் திருப்பிக் கொடுத்தது. அதை அவள் என்றைக்கும் மறந்ததில்லை. குடித்துவிட்டுக் கோக்கர்ஸ் வாக் ஓரத்தில் விழுந்து கிடந்த ஆளை நாலு பேர் தூக்கி வந்து போட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பொருத்தனை ஒரு தடவை உடைந்தால் மற்றதும் உடைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். அதனால்தான் ஆராதனை நேரத்தில் ஃபோனைத் தன் பையில் வாங்கி வைத்துக்கொள்வாள். ட்ரிப்புக்குக் கூப்பிடுகிற ஏஜெண்டுகளை எல்லாம் அவளே கட் பண்ணிவிடுவாள். பாம்பு வராமல் வாசலைக் காத்தவள் மாதிரி பதினோரு வருஷம் அந்த நாளைக் காத்தாள்.

காத்து வைத்தது என்ன என்று இப்போது தெரியவில்லை.

போதகர் மைக்கைப் பிடித்தார்.

"பிள்ளைகளே, ஞாயித்துக்கிழமை இந்த மலைமேல ஆயிரம் வண்டி ஓடுது. பில்லர் ராக்ஸ் ரோட்டுல போயி நின்னு பாருங்க, நிக்க எடம் இருக்காது. ஆனா நாயுடுபுரத்துல ஒரே ஒரு வண்டி மட்டும் சும்மா நிக்கும். ஏன் நிக்குது? அந்த வண்டிக்குச் சொந்தக்காரருக்கு முதல்ல ஆண்டவர்! ஆமென் சொல்லுங்க!"

"ஆமென்!" என்றது கூட்டம்.

"அந்த வண்டி சும்மா நின்னதுனால என்ன நடந்துச்சுன்னு இப்ப அண்ணன் வந்து சொல்லுவாரு."

பரமானந்தம் எழுந்து முன்னால் நடந்தார். வெள்ளைச் சட்டை. குனிந்த தலை.

அவர் வாயைத் திறப்பதற்குள் இங்கிருந்து போய்விட வேண்டும். ஜோசப்பினுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன ஜோசப்பின்? உன் வீட்டுக்காரரு சாட்சி சொல்லப் போறாரு, நீ எங்க எந்திரிக்கிற?" என்று பக்கத்திலிருந்த அம்மா முந்தானையைப் பிடித்தாள்.

"வயிறு சரியில்லக்கா."

நடு ஆராதனையில் எழுந்து போவது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. வாசலில் செருப்புக் குவியலுக்குள் தன் செருப்பைத் தேடி எடுத்தாள். ரோட்டுக்கு வந்து, வில்பட்டிப் பக்கம் போகிற ஒரு ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினாள்.

ஜீப்பில் போகும்போது ஜெபம் பண்ணப் பார்த்தாள். 'ஆண்டவரே' என்று மனசுக்குள் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எதைக் கேட்பது? நடந்ததை நடக்காமல் ஆக்கும்படியா? உமக்காகத்தானே செய்தேன் என்று கேட்கலாமா? அதைக் கேட்பதற்கு அவளுக்கு வாய் கூசியது. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் முன்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வில்பட்டியில் நாச்சிமுத்துவின் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. காரியம் முடிந்து, வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நாற்காலியில் அன்னக்கொடியின் படம். ஹாஸ்டல் ஆண்டு விழாவில் எடுத்த குரூப் ஃபோட்டோவிலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்கியது. ஓரத்தில் ஒரு தோளும் நீலச் சேலையும் கொஞ்சம் தெரிந்தன. அது ஜோசப்பினுடைய தோள்.

"பெரியம்மா!"

அன்னக்கொடியின் மகள் புவனா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பதினேழு வயசு. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பு. வில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸை நம்பிப் போக முடியாது, இந்த ஒரு வருஷம் அக்கா வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று அன்னக்கொடி மார்ச் மாதமே ஜோசப்பினிடம் பேசி முடித்திருந்தாள்.

"வர மாட்டீங்களோன்னு நெனச்சேன் பெரியம்மா. ஞாயித்துக்கெழமையாச்சேன்னு."

"வந்துட்டேன்ல."

"உக்காருங்க. சாப்புடுங்க."

ஜோசப்பின் தயங்கினாள். அவள் படையல் சாப்பாடு சாப்பிடுகிறவள் இல்லை. அது அன்னக்கொடிக்குத் தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆடிக்கும் தூக்குவாளியைக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்து, "சாமிக்குப் படைக்கறதுக்கு முந்தியே எடுத்துட்டேன்க்கா, நம்பித் திங்கலாம்" என்பாள். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை. கேலியும் பண்ணியதில்லை.

புவனா உள்ளே போய் மூடி வைத்த தட்டு ஒன்றை எடுத்து வந்தாள்.

"அம்மா செய்யற மாதிரியே, படைக்கறதுக்கு முந்தி உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன் பெரியம்மா. நம்பிச் சாப்புடுங்க."

ஜோசப்பின் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"பின்னால தொட்டிக்கிட்ட இருக்காரு."

"ஒரு நிமிஷம். பேசிட்டு வந்து சாப்புடுறேன்."

வீட்டுக்குப் பின்னால் கேரட் கழுவுகிற சிமெண்டுத் தொட்டி. தண்ணீர் வடிந்து காய்ந்து கிடந்தது. இரண்டு வாரமாக அதில் யாரும் காய் போடவில்லை. நாச்சிமுத்து தொட்டியின் விளிம்பில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க மதினி. அண்ணே வரலையா?"

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

ஜோசப்பின் நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அன்னைக்கு ஃபோனு சார்ஜ் எறங்கல தம்பி. எங்கிட்டதான் இருந்துச்சு. நீங்க அடிச்சது தெரியும். உங்க பேரப் பாத்தேன். மூட்டைக்குத்தான் கூப்புடுறீங்கன்னு நெனச்சு நாந்தான் கட் பண்ணேன். ரெண்டு தடவ. அப்புறம் ஆஃப் பண்ணிட்டேன்."

மேட்டுக்குக் கீழே பூண்டுக் காட்டில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்து மறுபடி விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழம எல்லா வண்டியும் ட்ரிப்புல கெடக்கும்" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "நூத்தியெட்டுக்கு அடிச்சேன். ஏதோ ஆக்சிடென்ட்டுன்னு அது மலைய விட்டு எறங்கிருச்சாம். என்ன பண்றதுன்னு நிக்கறேன். இவதேன் சொன்னா. பேச்சு வராமத் திக்கித் திக்கிச் சொன்னா. பரமானந்தண்ணனக் கூப்புடுங்க, இன்னைக்கு அவரு வண்டி எடுக்க மாட்டாரு, வண்டி வீட்லதேன் நிக்கும்னு."

"அன்னமா சொன்னா?"

"அவதேன். அவ பேசுன கடேசிப் பேச்சு அது."

ஜோசப்பின் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஈரமா காய்ந்த மண்ணா என்று பார்க்கவில்லை.

"என்னையத் திட்டுங்க தம்பி. ரெண்டு அறைகூட அறைஞ்சிருங்க. எதையாச்சும் பண்ணுங்க."

"திட்டி?"

"என்னால தாங்க முடியல. சோறு எறங்கல. ஜெபம் வரல. புவனாகிட்டயும் நானே சொல்லிர்றேன். அந்தப் புள்ள என்னையப் பெரியம்மா பெரியம்மாங்குது, எனக்கு..."

"சொல்லக் கூடாது."

அவர் எழுந்து நின்றுவிட்டார். அதுவரை இல்லாத ஒன்று முகத்தில் வந்திருந்தது.

"தம்பி..."

"உங்களுக்குத் தாங்கல. அதுக்காகத்தேன் எங்கிட்டச் சொன்னீக. இப்ப அதுகிட்டயும் சொல்லணுங்கறீக. எல்லார்கிட்டயும் எறக்கி வச்சுட்டு, உங்க சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு நீங்க போயிருவீக மதினி. நாங்க எங்க எறக்கி வைக்கிறது?"

ஜோசப்பின் தலை நிமிரவில்லை.

"அது படிக்கணும். அதுக்கு அவுக ஆத்தா போட்ட ஏற்பாடு உங்க வீடு. வேற எடம் எனக்கு இல்ல. பரீட்ச முடியிற வரைக்கும் அது உங்க வீட்ல உங்களப் பெரியம்மான்னு கூப்புட்டுக்கிட்டு இருக்கும். நீங்க சோறு போடணும். வாயைத் தெறக்கக் கூடாது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் ஒண்ணுமில்ல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டடி நடந்து நின்றார்.

"போயிச் சாப்புடுங்க. புள்ள எடுத்து வச்சிருக்கு. சாப்புடாமப் போனா ஏன்னு கேக்கும்."

ஜோசப்பின் போய்ச் சாப்பிட்டாள். புவனா எதிரில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குழம்பு ஊற்றினாள். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

"சாயங்காலம் சித்தப்பா ஜீப்புல என்னைய எறக்கி விட்டுருவாரு பெரியம்மா. பொட்டி கட்டிட்டேன்" என்றாள் புவனா.

வீட்டுக்கு வந்து சேரும்போது நாலு மணி தாண்டிவிட்டது. பரமானந்தம் முன்னறையில் சட்டையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சபையில் போட்ட சால்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"வில்பட்டிக்கா போன?"

"ஆமா."

"சாப்புட்டியா?"

"சாப்புட்டேன். நாச்சிமுத்துகிட்ட ஒரு விசயம் சொல்லிட்டு வந்தேன். அதை உங்ககிட்டயும் சொல்லணும்."

"சார்ஜ் எறங்கலேன்னு சொன்னியா?"

ஜோசப்பின் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஃபோன்ல பாத்தீங்களா?"

"ஃபோன்ல பாத்தது பெறகு." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கு நான் முன்னால நின்னு பாட்டு நடத்திட்டு இருந்தேன்ல. நீ பையத் தொறந்து எடுத்துப் பாத்தது எனக்கு நேராத் தெரிஞ்சது. ஏஜெண்டுன்னா நீ மூஞ்சியச் சுளிப்ப. அன்னைக்குச் சுளிக்கல. தெரிஞ்சவுங்கன்னு புரிஞ்சிருச்சு. ரெண்டாவது வாட்டியும் நீ எடுத்துப் பாக்கவும், ஏதும் அவசரமா இருக்குமோன்னு மனசுல பட்டுச்சு."

"பட்டுச்சா?"

"பட்டுச்சு. நாலெட்டு எறங்கி வந்து வாங்கியிருக்கலாம். எல்லாரும் பாக்குறாங்களேன்னு இருந்துச்சு. பதினோரு வருஷமா ஆராதனையில ஃபோன் எடுக்காதவன். நான் கண்ணை மூடிக்கிட்டேன் ஜோசப்பின். மூடிக்கிட்டு இன்னும் சத்தமாப் பாடுனேன்."

வெளியே மழை லேசாகத் தூறத் தொடங்கியது. தகரத்தில் அதன் சத்தம் கேட்டது.

"ரெண்டு வாரமா ஏன் சொல்லல?"

"நீ சார்ஜ் இல்லேன்னு சொன்ன. எனக்கும் அது வசதியாப் போச்சு."

அவளுக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. இரண்டு வாரமாகப் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து, ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் தோன்றியது.

"சாட்சி சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"மைக்கைக் குடுத்தாங்க. நின்னேன். வாயத் தெறந்தா சத்தம் வரல. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் நின்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. போதகர் என்னைய அணைச்சுக்கிட்டு, அண்ணனுக்கு நன்றியில வார்த்த வரல, ஆண்டவர் அவரு உள்ளத்த நெரப்பிட்டாருன்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. சால்வை போட்டாங்க." அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. "முதல்ல ஆண்டவர், முதல்ல ஆண்டவர்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு நாம யாருக்காக அந்த ஃபோனை எடுக்கலையோ, அவருதான் அதுல கூப்புட்டாரோன்னு எனக்குத் தோணுது. தோணுனதுலருந்து எங்கிட்டு முழங்கால் போடுறதுன்னு தெரியல."

நாச்சிமுத்து சொன்னதை மட்டும் அவரிடம் சொன்னாள் ஜோசப்பின். பரீட்சை முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்பதை. அன்னக்கொடியின் கடைசிப் பேச்சை அவரிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

உள்ளறையில் ஏதோ விழுந்தது. அனிட்டா ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கே வந்து படுத்திருக்கிறாள் என்பது பரமானந்தத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது, ஜோசப்பினுக்கு அப்போதுதான் தெரிந்தது. நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. அனிட்டா வெளியே வரவில்லை.

ஆறு மணிக்கு ஜீப் வந்து நின்றது. புவனா ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சாக்குப் பை பீன்ஸோடும் இறங்கினாள். பரமானந்தம் எழுந்து போய்ப் பெட்டியை வாங்கி வைத்தார். "வாம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வீட்டில் ஆறரை மணிக்குக் குடும்ப ஜெபம். எத்தனையோ தடவை வந்து தங்கியிருக்கிற பிள்ளை, அதனால் புவனாவுக்கும் அது தெரியும். கை கால் கழுவிக்கொண்டு வந்து அவளே பாயை விரித்தாள்.

"பெரியம்மா, இன்னைக்கு ஜெபத்துல எனக்காகக் கேப்பீங்களா?"

"என்னம்மா கேக்கணும்?"

"எனக்குத் தூக்கம் வரணும்னு கேளுங்க. அம்மா போனதுலருந்து தூங்கவே முடியல. கண்ண மூடுனா அப்பா ஃபோன் போடுறதுதான் வருது. ரிங் போற சத்தம் காதுக்குள்ளயே கேக்குது." புவனா ஜோசப்பினுடைய மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். "நீங்க ஜெபம் பண்ணா நடக்கும்னு அம்மா சொல்லும்."

ஜோசப்பின் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறைத் திரைச்சீலைக்குக் கீழே அனிட்டாவின் பாதங்கள் தெரிந்தன.

வராது என்றுதான் நினைத்தாள். இரண்டு வாரமாக வராதது இப்போது மட்டும் எப்படி வரும்? ஆனால் பிள்ளையின் தலையில் கை வைத்ததும் வார்த்தைகள் வந்தன. முப்பது வருஷத்துப் பழக்கம். அன்புள்ள பிதாவே என்று ஆரம்பித்து, இந்த மகளுக்கு இளைப்பாறுதலைத் தாரும், இவள் பயங்களை எடுத்துப்போடும், இவளைத் தாயைப்போலத் தேற்றும் என்று ஒன்றன்பின் ஒன்றாக, எங்கும் தடுக்காமல், அழகாக வந்தன. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்த ஜோசப்பினுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. ஜெபம் வராமல் தவித்த நாட்களே தேவலை என்று இருந்தது.

ஜெபத்தை முடித்தபோது யாரும் ஆமென் சொல்லவில்லை. புவனா தூங்கிவிட்டிருந்தாள்.

பரமானந்தம் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு தூறலில் இறங்கிப் போனார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அனிட்டா வந்தாள். அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. பாயின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புவனாவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"எல்லாம் கேட்டேன். காலைல அவ ஸ்கூலுக்குக் கெளம்புறதுக்குள்ள நீ சொல்லணும்மா. நீ சொல்லலேன்னா நான் சொல்லிருவேன்."

"நாச்சிமுத்து சித்தப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாருடி."

"அவரு சொன்னது அவரு மகளுக்காக. நீ சொல்லாம இருக்கறது யாருக்காகம்மா?"

ஜோசப்பின் பதில் தேடினாள். மெய்யாகவே தேடினாள். சொன்னால் தனக்காக என்கிறார் நாச்சிமுத்து. சொல்லாவிட்டால் தனக்காக என்கிறாள் மகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அவளேதான் நின்றாள்.

புவனா தூக்கத்தில் முனகிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். அவளுடைய விரல்கள் ஜோசப்பினுடைய சேலைத் தலைப்பைத் தேடிப் பிடித்துச் சுருட்டிக்கொண்டன. இரண்டு வாரத்துக்குப் பிறகு வந்த தூக்கம். ஆழ்ந்த மூச்சு.

ஜோசப்பின் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.